மீள நேரம் கிடைக்காத டெல்டா

2022 நவம்பர் 11 அன்று காவிரி டெல்டாவில் உள்ள சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. அதில் பிழைத்த பயிரும், மற்ற இடங்களில் நன்றாகவே விளைந்திருந்த பயிரும் 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நிற்கும் நேரத்தில், பருவம் தவறிய மழையில் சாய்ந்தன. அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டார்கள். கர்நாடகத்திலிருந்து வரத்து குறைந்து அக்டோபரிலேயே பாசனத் தண்ணீர் நின்றுபோனது. பதினோரு மாதத்துக்குள் ஒரு வெள்ளம், ஒரு தப்பு மழை, ஒரு வறட்சி.

அரசுக் கோப்புகளில் இவை மூன்றும் வெவ்வேறு சம்பவங்கள். கணக்கெடுப்பு தனி, அரசாணை தனி, நிவாரணம் தனி. மயிலாடுதுறைப் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருப்பவருக்கும், அந்த நிலத்துக்கும், அதில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் இது ஒரே தொடர். இரண்டாவது அடி விழுந்தபோது முதல் அடியிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

டெல்டாவுக்கு வெள்ளம் புதிதல்ல. இந்த மண்ணே வெள்ளம் கொண்டுவந்து போட்டதுதான். வறட்சி, உப்பு, புயல், பூச்சி எதுவும் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாக இவற்றோடு ஒத்துப்போகிற பயிர், வாய்க்கால், பட்டம் எல்லாம் இங்கே உருவாகியிருக்கின்றன. அப்படியானால் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு சேதம்? ‘காலநிலை மாற்றம்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பதில் உள்ளே நடப்பதைக் காட்டாது. ஓர் உயிர் எந்த நெருக்கடியைத் தாங்கும், எதில் சாயும் என்பது நெருக்கடியின் பலத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை. அது எந்தப் பருவத்தில் வந்தது, எதற்குப் பின்னால் வந்தது, நடுவில் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. டெல்டாவில் குறைந்துகொண்டே வருவது அந்த ஓய்வு.

எலியிலிருந்து நெல் வரை

1936-ல் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே, ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவைத்தாலும், நஞ்சு கொடுத்தாலும் அவற்றின் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொண்டது. அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. முதலில் அதிர்ச்சி, பிறகு எதிர்த்து நிற்றல், அப்புறம் களைத்து விழுதல் என்று மூன்று கட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். இன்று உலகம் முழுக்க எல்லோரும் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சாதாரணமாகச் சொல்வதன் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். 1993-ல் புரூஸ் மெக்எவனும் எலியட் ஸ்டெல்லாரும், உடலைத் தேய்ப்பது நெருக்கடி மட்டுமல்ல, அதைச் சமாளிக்க உடல் செய்யும் செலவும்தான் என்றார்கள். இதயம் வேகமாக அடிப்பதும் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பதும் ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான். ஆனால் ஆபத்து போன பிறகு அவை அடங்க வேண்டும். அடங்க நேரமில்லாமல் மறுபடி மறுபடி கிளம்பினால், காப்பாற்ற வந்த ஏற்பாடே உடலை அரிக்கத் தொடங்குகிறது. செடிக்கு அட்ரினல் சுரப்பி கிடையாது. ஆனால் கணக்கு அதற்கும் இதேதான்: சமாளிக்கச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப வைக்கக் காலம் வேண்டும்.

அதனால் நெருக்கடியே கூடாது என்று அர்த்தமில்லை. ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ விடுவது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த முறை. கட்டிய தண்ணீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும்வரை காயப்போட்டு, மறுபடி பாய்ச்சுவார்கள். அந்தச் சின்னத் தவிப்பில் வேர் ஆழமாக இறங்குகிறது, மண்ணுக்குள் காற்றுப் போகிறது. தூர் கட்டும் பருவத்தில் இது பயிருக்கு நல்லது. அதே காய்ச்சலைக் கதிர் வெளிவரும் பருவத்தில் காட்டினால் களத்துக்கு வருவது பதர்தான்.

ஜூன் 12 ஏன் முக்கியம்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் தண்ணீர் வந்தது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பூத்தூவும் சடங்காகத் தெரியலாம். பயிருக்கு இது நாள்காட்டி.

குறுவைக்கு ஏறத்தாழ 110 நாள். ஜூனில் விட்டால் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அறுத்துவிடலாம். ஒரு மாதம் தள்ளிப்போனால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும், நெல் வயலிலேயே முளைக்கும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். சம்பா தள்ளிப்போனால் சிக்கல் இரண்டு பக்கமும் வரும். கார்த்திகை வெள்ளம் வரும்போது நாற்று சின்னதாக இருந்து முழுக மூழ்கும். தப்பினால், பால் பிடிக்கும் நேரத்தில் அணையை மூடியிருப்பார்கள். தாமதமாக வந்த ஒரே தண்ணீர், வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிடுகிறது. காவிரிப் பிரச்சினையை எத்தனை டிஎம்சி என்று மட்டுமே பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். 2018 பிப்ரவரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் வருடத்துக்கு 177.25 டிஎம்சி கர்நாடகம் விட வேண்டும் என்று சொன்னது. அந்த 177.25 எந்த வாரத்தில் எவ்வளவாக வருகிறது என்பதுதான் கடைமடைக்காரருக்கு விஷயம்.

வறட்சியில் நெல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வேர் காய்ச்சலை உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைக்கு ஏறுகிறது. இலைத் துளைகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் மிச்சமாகிறது, ஆனால் அந்தத் துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். அது நின்றதும் உணவு தயாரிப்பும் நிற்கிறது. அதைவிட மோசம், நீராவி வெளியேறும்போது இலைக்குக் கிடைத்த குளிர்ச்சியும் போய்விடுகிறது. வெயில் கடுமையாக இல்லாத நாளில் இது பெரிய விஷயமில்லை. வெயிலும் சேர்ந்தால், வறட்சியைச் சமாளிக்கச் செடி எடுத்த முடிவே அதைச் சூட்டில் தள்ளிவிடுகிறது. நெற்பூ முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழக்கத் தொடங்கும்.

பகல் சூடு கண்ணுக்குத் தெரியும், இரவுச் சூட்டை யாரும் கவனிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று, கோடைப் பட்டத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே கரைத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. செடிக்கும் இரவு என்பது ஓய்வு நேரம். அந்த ஓய்வு சூடானால் நெல்லில் கருக்காய் கூடும்.

தண்ணீர் வடிந்த பிறகு

மூழ்கிய பயிர் செத்துப்போவது காற்றில்லாமல்தான். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நெல் மூழ்கியதும் மேலே எட்டிப்பார்க்க வேகமாக நீள்கிறது. இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் அதில் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறது. ஒடிசாவிலிருந்து வந்த எஃப்ஆர் 13ஏ என்ற நெல் இதற்கு நேர்மாறாக, மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தால் சேமிப்பு மிச்சமிருக்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப் 1 இப்போது டெல்டாவில் சம்பாவுக்கு நன்றாகவே பழக்கமான ரகம். நல்ல வேலைதான். ஆனால் இளம்பயிர் முழுக மூழ்கி இரண்டு வாரத்துக்குள் வடிவதற்குத்தான் அது பதில். வடிகால் தூர்ந்து அரைத்தண்ணீர் மாதக்கணக்கில் நிற்பதற்கோ, அறுப்பு நேர மழைக்கோ அது பதிலாகாது.

உண்மையான தொல்லை பல நேரம் வடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. மஞ்சளடித்து நிற்கும் பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனசு வராது. யூரியாவை அள்ளி வீசுகிறோம். பயிர் கரும்பச்சையாகக் கிளம்புகிறது, இலை மென்மையாகிறது, சாற்றில் தழைச்சத்து கூடுகிறது. சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. பனி இறங்கும் மார்கழி இரவுகளில் குலைநோயும் வரும். உடனே மருந்துக்கடை. கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுக்கிறார், பெரும்பாலும் கடனுக்கு. புகையான் தூரின் அடியில் உட்கார்ந்திருக்கும், மருந்து மேலே விழும். மேலே சாவது சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும். பதினைந்து நாளில் புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது, வயல் வட்ட வட்டமாகக் கருகுகிறது. இந்தோனேசியா இதை நாடளவில் அனுபவித்து, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நம் ஊரில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடச் சொல்வதும் இந்தப் புகையானுக்காகத்தான், வெளிச்சமும் காற்றும் தூருக்கு இறங்க வேண்டும் என்று. இயற்கை நெருக்கடி ஒன்று, அதற்குப் பதறிச் செய்த வைத்தியம் ஒன்று, அதிலிருந்து பிறந்த உயிரியல் நெருக்கடி ஒன்று, கடைசியில் கடன். இதில் ‘மழையால் சேதம்’ என்று எழுதப்படுவது முதல் வரி மட்டும்.

உப்பு விஷயத்தில் டெல்டா நமக்கு ஒரு நல்ல பாடத்தை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல்தண்ணீர் ஏறிய வயல்கள் இனி பயிருக்கு ஆகாது என்று பலரும் கைவிட்டார்கள். ஆனால் 2005 வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்தது. ஜிப்சம் போட்டு, வரப்பு கட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்ததில் நிறைய வயல்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பின. உப்பு ஒரே தடவை வந்தது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கோடைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் உப்புக்கு அந்த மாதிரி முடிவு கிடையாது. ஆறு மெலிந்திருக்கும் மாதங்களில் கடல் உள்ளே வருகிறது, போர்வெல் இனிப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது, வெயில் உப்பை மேலே இழுக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே கதை. ஆற்றுத் தண்ணீர் குறையக் குறைய, அதிக உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறுகளின் இறால் பண்ணைகள் பக்கத்து வயலையும் கிணற்றையும் உப்பாக்கிய பிறகு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சர்வோதய இயக்கத்தின் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. அதற்குள் வெள்ளைப்புள்ளி வைரஸ் அந்தப் பண்ணைகளில் பலவற்றைக் காலி செய்திருந்தது. நெருக்கமாக விட்ட இறால், குளத்து நீரின் உப்பும் சூடும் மாறிக்கொண்டே இருந்ததில் நோயை எதிர்க்கும் சக்தி இழந்திருந்தது. வைரஸ் கொஞ்ச நாளில் வேலையை முடித்தது.

தென்னை மறப்பதில்லை

நெல்லுக்கு நாலைந்து மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். தென்னைக்கு அப்படி இல்லை. பாளையின் கரு உருவாகத் தொடங்குவதிலிருந்து அது வெடித்து வெளிவர ஏறத்தாழ 32 மாதம், அப்புறம் காய் முற்ற 12 மாதம். இன்று பறிக்கிற தேங்காய்க்கு அடி போட்டது மூன்றரை வருடத்துக்கு முந்தைய காலம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்களே, அந்த வறட்சியைப் பட்டுக்கோட்டைத் தென்னைகள் இன்னும் உள்ளுக்குள் சுமந்துகொண்டிருந்தபோதுதான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது.

பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் விழுந்த மரங்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. விழாத மரங்களுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. வேர் ஆடிப்போய், குருத்து திருகி, மட்டை முறிந்து நின்ற மரம் வெளிப்பார்வைக்குப் பிழைத்த மரம். ஆனால் சுற்றிலும் கிடந்த தென்னந்தண்டுகள் மட்கத் தொடங்கின. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அப்படி மட்கும் தண்டுகளிலும் எருக்குழியிலும்தான். அங்கே வளர்ந்த வண்டு நிற்கும் மரத்தின் குருத்தைத் துளைக்கும். துளைத்த காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அது உள்ளே போனால் மரம் அநேகமாக முடிந்தது.

இதற்கு முன்னோடி ஒன்று இதே மண்ணில் உண்டு. தஞ்சாவூர் வாடல் நோய் என்று தென்னை விவசாயிகள் சொல்லும் அடித்தண்டழுகல், 1952-லும் 1955-லும் புயல் அடித்த பிறகுதான் அன்றைய தஞ்சை மாவட்டக் கடற்கரைப் பகுதியில் கண்ணில் படும்படி பரவியது. காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சணம். அகற்றாமல் விட்ட அடிக்கட்டைகளிலும் பட்ட வேர்களிலும் அது குடியிருக்கும், மண்ணுக்குள்ளேயே அடுத்த மரத்துக்கு நகரும். மணற்பாங்கான நிலத்தில், கோடையில் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் மரத்தை அது எளிதாகப் பிடிக்கும். தண்டின் அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிவதை நாம் பார்க்கும்போது வேரில் பெரும்பகுதி போயிருக்கும். ஆக, புயல் கொன்றது ஒரு கணக்கு, புயல் பலவீனப்படுத்தி விட்டுவைத்ததைப் பூஞ்சணமும் வறட்சியும் சேர்ந்து பல வருடம் கழித்துக் கொல்வது இன்னொரு கணக்கு. இரண்டாவது எந்தப் புயல் அறிக்கையிலும் வராது.

கஜாவுக்குப் பிறகு சுருள் வெள்ளை ஈ வேறு வந்து சேர்ந்தது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பூச்சி டெல்டாவுக்கும் பரவி, ஓலையெல்லாம் கரும்பூசணம் படிய வைத்தது. இதற்கு மருந்தடிக்க வேண்டாம், மருந்தடித்தால் அதை அடக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி செத்துவிடும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. சரியான ஆலோசனை. ஆனால் நெட்டை ரகம் நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும் என்று காத்திருப்பவரிடம், ‘பொறுங்கள், ஒட்டுண்ணி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்வதும் அதை அவர் கேட்பதும் சுலபமில்லை. பொறுமைக்கும் கையில் காசு வேண்டும்.

வெயிலில் குனிந்திருப்பவர்

நடவு வயலில் வெப்பமானி காட்டுகிற அளவைவிட உடலுக்குத் தெரியும் சூடு அதிகம். கால் சேற்றுத் தண்ணீரில், முதுகு வெயிலில், சுற்றிலும் ஈரக்காற்று. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஈரக்காற்றில் அது ஆவியாவதில்லை. வயலில் ஒதுங்க இடமில்லாததால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். கழிப்பறை இல்லாதது சமூகப் பிரச்சினை, வெயில் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று துறைவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். சிறுநீரகத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

பணக்கஷ்டம் மூளையை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. டெல்டாவில் செய்ததல்ல, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்தது. 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கரும்புப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். வெட்டுக்கு முன் நகை அடகில் இருக்கும், வெட்டுக்குப் பின் கையில் காசு இருக்கும். அதே மனிதரை இரண்டு சமயமும் அழைத்துப் புதிர்களும் கவனச் சோதனையும் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன்னால் அவர்களது மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. ஐ.க்யூ. கணக்கில் ஒன்பது பத்துப் புள்ளிக்குச் சமமான வித்தியாசம். ஆள் அதே ஆள்தான். மனசின் ஒரு பகுதி எப்போதும் கடனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மற்றதற்கு இடம் குறைகிறது.

இதை டெல்டாவோடு பொருத்திப் பாருங்கள். எந்த ரகம் விதைப்பது, இன்சூரன்ஸ் கட்டுவதா, புகையானுக்கு மருந்தடிப்பதா பொறுப்பதா, தண்ணீர் வரும் என்று நம்புவதா, எல்லா முடிவும் ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவில், கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுபவர்கள் அந்தக் கூட்டத்தைத் தை மாதத்தில் வைத்துப் பார்க்கலாம். வாய்மொழிக் குத்தகைக்காரர் நிலைமை இன்னும் கடினம். சிட்டா, அடங்கல் நில உரிமையாளர் பெயரில் அல்லது கோயில், மடத்தின் பெயரில் இருக்கும். செலவும் நஷ்டமும் அவருடையது, நிவாரணம் கேட்கக் காகிதம் இருக்காது.

மன நெருக்கடி உச்சத்துக்குப் போவதும் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பூச்சிமருந்து எட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது என்பதைக் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு சிறு முயற்சி சோதித்துப் பார்த்தது. மருந்துப் புட்டிகளை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப்போட்ட அறைகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்களில் பலன் தெரிந்தது. பொருளாதாரம் எதுவும் மாறவில்லை, நடுவில் ஒரு நடை தூரம் சேர்ந்தது, அவ்வளவுதான். மனசு தாங்காத நிலையில் இருப்பவர்கள் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மனிதரிடம் விழுந்த அடி மறுபடி மண்ணுக்குத் திரும்புவதும் உண்டு. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளையும். தண்ணீர்ச் செலவு இல்லை, மண்ணில் தழைச்சத்து சேரும், சித்திரையில் கையில் கொஞ்சம் காசு வரும். நெல்லில் களைத்த நிலத்துக்கும் நெல்லில் தோற்ற குடும்பத்துக்கும் இதுதான் ஓய்வுப் பட்டம். கையால் அறுத்தால் இது நன்றாக நடக்கும். ஆனால் கையால் அறுக்க ஆள் இல்லை. திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். நடவுக்கு இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற நாம், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுப் போராட்டம் நடந்த காலத்தையும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அப்படிப்பட்ட வயலை விட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பியதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆள் போனதும் அறுவடை இயந்திரம் வந்தது. ஈர வயலில் அது ஓடினால் முளைத்த உளுந்து நசுங்குகிறது, மண் இறுகுகிறது, வைக்கோல் மாட்டுக்கு ஆகாமல் சேற்றில் கலக்கிறது. சம்பாவே தள்ளிப்போயிருந்தால் தெளிக்கவும் ஈரம் மிஞ்சுவதில்லை. கூலி வரலாறும் மேட்டூர் தேதியும் உளுந்துச் செடியில் வந்து சந்திக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு நிவாரணக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்கலாம். பேரிடர் நிதியிலிருந்து இடுபொருள் மானியம் கிடைக்கப் பயிர்ச்சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். 2015 வரை அது 50 சதவீதமாக இருந்தது, குறைத்தது நல்லதுதான். ஆனால் அளப்பது சம்பவவாரியாக. ஒரு வயலில் கார்த்திகை வெள்ளம் நாலில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் நாலில் ஒரு பங்கைப் புகையான் கொண்டுபோகிறது. அதற்கும் மிச்சத்தில் நாலில் ஒரு பங்கு தை மழையில் சாய்கிறது. களத்துக்கு வருவது நூற்றுக்கு 42. மூன்று சம்பவத்தில் ஒன்றுகூட 33-ஐத் தொடவில்லை, அந்தக் கணக்குப்படி அந்த வயலுக்குச் சேதமே இல்லை.